உடல்நிலையை முதல் வரியில் எழுதுக

ஜனவரி 12

அன்பிற்குரிய தம்பிக்கு,

இங்கு என் உடல்நிலையில் குறையொன்றும் இல்லை; கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டியிருக்கிறது. உன் உடல்நிலையை வழக்கம்போல் முதல் வரியிலேயே எழுதுக. வேடிக்கைப் பேச்சு இரண்டாம் வரியிலிருந்து தொடங்கலாம்.

இத்துடன் ஒரு பொட்டலம் வருகிறது. அதிலுள்ள பட்டை, சோபாவின் அடியில் இழுத்துக் கட்டும் முரட்டு நாடாவைக் கொண்டு நானே தைத்தது. உருளைத் தலையணையில் பஞ்சை இறுக்கித் திணித்திருக்கிறேன். என் யோக வகுப்பிற்கு வரும் ஆபரேட்டர் அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தலகாணியா, தூணா?" என்று கேட்டார். தொலைபேசி நிலையத்தில் வேலை செய்பவர். பார்வை இல்லை, நாக்கு உண்டு.

நீ ஏணியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்த ஆண்டில்தான் நான் முதல் யோக நூலைத் திறந்தேன் என்பது உனக்குத் தெரியும். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட தையல்காரி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். 'நிமிர்ந்து நில்' என்று தொடங்கும் ஆசனத்தை நிற்க இயலாதவருக்கு எவ்வாறு சொல்வது என்று எந்த நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானே வெட்டி, நானே தைத்துக்கொண்டேன். இன்று மாலைதோறும் என் தையலறையில் நாற்காலிகள் வட்டமாக நிற்கின்றன.

ஒரே ஒரு விதி. நான் எழுதும் பயிற்சி உன் உடலுக்கு அளவெடுத்தது. அளவெடுத்துத் தைத்த சட்டையை இரவல் கொடுக்கலாகாது. எவருக்கும் இதைப் படித்துக் காட்டாதே. பயிற்சிக்குப் பின் உடல் என்ன சொன்னது என்பதை ஒளிக்காமல் எழுது. கண்ணுக்கு எட்டாத உடலை உன் எழுத்தின் வழியாக மட்டுமே நான் பார்க்க இயலும்.

தொடக்கம் எளிது. சக்கர நாற்காலியின் பிரேக்கைப் போடு. முதுகுக்குப் பின் உருளையை வை. தொடைகள் விலகாதபடி பட்டையைச் சுற்றிக் கொக்கியை மாட்டு. விலாவின் அடிவரை மூச்சை இறக்கு. அவ்வளவே.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா


ஜனவரி 29

பண்டிதை அக்காவுக்கு வணக்கம்.

உடல்நிலை: நன்று. முதல் வரியில் எழுதிவிட்டேன்; வேண்டுமானால் கைநாட்டும் வைக்கிறேன். உன் கண்ணாடியை மாற்றிவிட்டாயா?

பொட்டலம் வந்தது. எங்கள் மறுவாழ்வு விடுதியின் மின்தூக்கி வழக்கம்போல் படுத்துவிட்டதால், துப்புரவு அம்மா அதைத் தோளில் சுமந்து மாடிக்குக் கொண்டுவந்தார். என் அறைக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். லாரி ஓட்டியவர், வண்டி கவிழ்ந்து கழுத்தெலும்பு நொறுங்கியது. தோளும் முழங்கையும் அசையும், விரல்கள் மூடாது. நெஞ்சுக்குக் கீழே எதுவும் தெரியாது. எல்லோரும் டிரைவர் அண்ணன் என்கிறோம். உருளையைப் பார்த்ததும், "உங்க அக்கா லோடு அனுப்பியிருக்காங்க, எங்க இறக்கறது?" என்றார். இந்த அறையில் நெடுநாள் கழித்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

பயிற்சி நடக்கிறது. முதல் நாள் கொஞ்சம் சறுக்கல், அதை விடு. இப்போது தினமும் காலையில், கீழ்த்தளத்துக் கடிகாரப் பட்டறைக்கு வேலைக்கு இறங்குவதற்கு முன். மூச்சு விலாவின் அடிவரை போவது புதிதாக இருக்கிறது. பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து காற்று விட்டதுபோல. கொக்கியை மாட்டத்தான் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. பல்லால் கடித்து இழுக்க வேண்டியதாயிற்று. வேறு குறை இல்லை.

உன் அன்புத் தம்பி


பிப்ரவரி 10

அன்பிற்குரிய தம்பிக்கு,

கண்ணாடி மாற்றிவிட்டேன், உன் கையெழுத்து இப்போது எழுந்து நிற்பதுபோல் தெரிகிறது. மழையில் தையலறைக் கூரை ஒழுகுகிறது; மற்றபடி நலம். உன் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். பூட்டிய அறைக்குக் காற்று விட்டதாக நீ எழுதிய வரியை ஆபரேட்டர் அம்மா மறுபடியும் படிக்கச் சொன்னார். எனக்குண்டான பெருமிதத்தை அடக்கிக்கொள்ளச் சற்று நேரமாயிற்று.

ஆயினும் ஒரு சொல் உறுத்துகிறது. கடிகாரத்தின் முள்ளைப் பிடிக்கும் விரல்கள் ஒரு கொக்கிக்கு ஏன் தோற்றன? அங்கே குளிராக இருக்கலாம். எதற்கும் கொக்கியை நீக்கி, கிழித்தால் பிரிந்து தொட்டால் ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பட்டை வைத்துப் புதிதாகத் தைத்து அனுப்புகிறேன். இதற்கு விரல் வேண்டாம், உள்ளங்கை போதும்.

இது அகலமான பட்டை. வயிற்றைச் சுற்றிக் கட்டுவதற்கு. நன்றாக இறுக்கு. பின்னர் மேசையை எதிரே இழுத்து, உருளையை அதன்மேல் வைத்து, முன்னால் குனிந்து அதன்மீது சாய்ந்துகொள். நின்றவர்கள் தரையைத் தொடுவார்கள். நாம் மேசையைத் தொடுவோம். தரை நம்மிடம் எழுந்து வந்ததாக எண்ணிக்கொள்.

டிரைவர் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். ஆனால் விதி நினைவிருக்கட்டும். அவர் கழுத்தைக் காணாத நான் அவருக்கு ஒரு சொல்லும் சொல்லத் தகுதியற்றவள்.

நலம் நாடும்,
அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

உடல்நிலை: நன்று, சிறு குறிப்புடன். குறிப்பு கீழே வருகிறது. நீ நலமா? மழையில் தையலறை ஒழுகியதாக எழுதியிருந்தாயே, கூரையைப் பார்த்தார்களா?

ஒட்டுப்பட்டை அருமை. உள்ளங்கையால் தட்டினால் ஒட்டிக்கொள்கிறது. டிரைவர் அண்ணன் அதற்குக் கைதட்டுப் பட்டை என்று பெயர் வைத்துவிட்டார். மேசையில் சாய்ந்து கிடக்கும்போது தோள்களும் பிடரியும் இறுக்கம் விட்டு விரிகின்றன. தூக்கம் வருகிறது, அக்கா. மாத்திரை இல்லாத தூக்கம். இதற்காகவே உனக்குக் கோயில் கட்டலாம்.

இனி குறிப்பு. சில நாட்களாக, வயிற்றுப் பட்டையை இறுக்கி வெகுநேரம் குனிந்திருந்தால், பின்மண்டையில் யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல் இடிக்கிறது. நெற்றியிலும் கழுத்திலும் வியர்வை கொட்டுகிறது, முகம் சிவந்துவிடுகிறது. நெஞ்சுக்குக் கீழே ஒரு சொட்டு வியர்வை இல்லை. கையில் மயிர் சிலிர்த்து நிற்கிறது. பட்டையைத் தளர்த்தினால் அடங்கிவிடுகிறது. "ரேடியேட்டர் கொதிக்குது" என்று டிரைவர் அண்ணன் சிரிக்கிறார். உன் நூல்கள் சொல்லும் வெப்பம் இதுதானா? தொடரலாமா?

உன் அன்புத் தம்பி


மார்ச் 11

அன்பிற்குரிய தம்பிக்கு,

கூரை சரியாயிற்று, நானும் நலமே. நீ கூர்ந்து கவனித்து எழுதிய குறிப்பு என்னை மிகவும் மகிழ்வித்தது.

அஞ்சற்க. என்னிடமுள்ள நூலொன்றில் இதைப் பற்றித் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நெடுநாள் தேங்கிய வெப்பம் கீழே வழியின்றி மேலே எழுகிறது. வியர்வையாக அழுக்கு வெளியேறுகிறது. பயிற்சி பலிக்கத் தொடங்கிவிட்டதன் அறிகுறி இது. இந்த வேளையில் பின்வாங்குபவர் பலர். நீ பின்வாங்க மாட்டாய்.

தலை இடிக்கத் தொடங்கினால் செய்ய வேண்டியது: கட்டிலில் தலையணையின்றிச் சமமாகப் படு. கால்களை உருளையின்மேல் உயர்த்தி வை. வயிற்றுப் பட்டையைத் தளர்த்தாதே. வெப்பம் தானாக இறங்கும்வரை பொறுத்துக்கொள். கலங்காத மனமே இங்கு மருந்து.

இவ்வரிகளை நான் முழு நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

என்றும் நலம் நாடும்,
அக்கா


மார்ச் 19

(உறையின் வெளிப்புறத்தில், பெரிய எழுத்தில்:)

யார் கையில கிடைச்சாலும் உடனே மாடி ரூமுக்குக் கொண்டு போங்க. தலை இடிச்சு வேர்த்தா படுக்க வைக்காதீங்க. நிமிர்த்தி உட்கார வைங்க. கால கீழ தொங்க விடுங்க. கட்டியிருக்கிற பட்டைய அவுத்து விடுங்க. மூத்திரக் குழாய் மடங்கியிருக்கான்னு பாருங்க. உடனே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்க.

(உள்ளே:)

தம்பி,

என் சென்ற கடிதத்தைக் கிழித்துப் போடு. அதில் உள்ள எதையும் செய்யாதே. செய்துகொண்டிருந்தால் இப்போதே நிறுத்து.

இன்று பிசியோ டாக்டரம்மா ஒருவர் என் வகுப்பைப் பார்வையிட வந்தார். தம்மிடம் வருவோரை இங்கு அனுப்பலாமா என்று பார்ப்பதற்காக. பட்டைகளைக் காட்டினேன், பாராட்டினார். அந்தப் பெருமையில், யாரோ ஒருவருக்கு நேர்ந்ததுபோல் உன் வியர்வையையும் தலை இடியையும் எடுத்துச் சொன்னேன். அவர் கையிலிருந்த பட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருக்கும்மா இது?" என்றார். அதன்பின் அவர் சொன்னவற்றை உறையின் வெளியே எழுதியிருக்கிறேன். உணர்வற்ற பகுதியில் ஏதோ ஒன்று அழுத்துகிறது. உடலால் வலி என்று சொல்ல முடியவில்லை. அதனால் ரத்த அழுத்தத்தை ஏற்றி ஏற்றிக் கத்துகிறது. படுக்க வைத்தால் இன்னும் ஏறும். மூளையில் ரத்தக் குழாய் வெடித்து உயிர் போகலாம். நான் உன்னைப் படுக்கச் சொன்னேன். காலை உயர்த்தச் சொன்னேன்.

ஆபரேட்டர் அம்மா வெளியூர் இணைப்புப் போட்டுக் கொடுத்தார். உங்கள் விடுதி வார்டன், "நல்லா இருக்கார்மா, எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். உன்னைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா, பாராமலே சொன்னாரா என்று தெரியவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை இப்போது எழுத இயலவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். ஊசியில் நூல் கோர்க்க உன்னால் முடிகிறதா? உன் விரல்கள் எப்படி இருக்கின்றன?

அக்கா


மார்ச் 20

பண்டிதை அக்காவுக்கு,

உடல்நிலை: நன்று. உன் பதினொன்றாம் தேதிக் கடிதம் கையில் இருக்கிறது. 'அஞ்சற்க' என்ற சொல்லை டிரைவர் அண்ணனுக்கு விளக்கவே எனக்கு ஒரு பொழுது போயிற்று. லாரியின் பின்னால் எழுதலாம் என்கிறார்.

பட்டறையில் வேலை நெருக்குகிறது. நேற்று, பெண்கள் அணியும் ஒரு குட்டிக் கைக்கடிகாரத்தின் மயிரிழைச் சுருளைச் சிக்கெடுத்தேன். மேலாளர் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, என் விரல்களைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றார். உன் தம்பியைப் பற்றி நீயும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்.

படுத்துக் காலை உயர்த்தும் முறையை வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் தொடங்க எண்ணம். தலை இடி இப்போது அடிக்கடி வருகிறது. பட்டையைத் தளர்த்தாமல் பொறுப்பது சரிதானா என்று சிறு தயக்கம் இருந்தது. நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

உன் வகுப்பினர் அனைவருக்கும் என் அன்பு.

உன் தம்பி


மார்ச் 28

தம்பி,

உன் இருபதாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. அதை எழுதும்போது என் கடைசிக் கடிதம் உன்னை அடைந்திருக்கவில்லை. படித்ததும் வெட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். பிசியோ டாக்டர் சொன்னது: "இடுப்புல அடிபட்டவங்களுக்கு இது வராதும்மா. நெஞ்சுக்கு மேல அடிபட்டவங்களுக்குத்தான் வரும். இல்லன்னா, இவருக்கு மரத்துப்போனது மேல ஏறியிருக்கணும்." விரல்கள் கொக்கியை மாட்டவில்லை என்று நீ ஜனவரியில் எழுதினாய். டாக்டர் சொன்ன நாள்முதல், மரப்பு உன் முதுகெலும்பில் படிப்படியாக ஏறுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சு போயிற்று, விரல் போயிற்று, அடுத்து மூச்சு என்று மனம் கணக்குப் போட்டது. வகுப்பில் 'மூச்சை இழுங்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்று மயிரிழைச் சுருள். உன் கடிதங்களையெல்லாம் மேசையில் பரப்பினேன். கையெழுத்து எங்கும் நடுங்கவில்லை. கொக்கியை மாட்ட முடியாத கை இப்படி எழுதாது. இரண்டு உடல்களை நீ ஓர் உடலாக எழுதியிருக்கிறாய். வியர்வை உன்னுடையதல்ல. தலை இடி உன்னுடையதல்ல.

உன் விரல்கள் பிழைத்தன என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். அந்தக் கணத்திற்காக என்னை மன்னிக்க இயலாது. நெஞ்சுக்கு மேல் அடிபட்ட ஒருவர் உன் அறையிலேயே இருக்கிறார்.

உடனே இணைப்புப் போடச் சொன்னேன். சமையலறை ஆள் எடுத்தார். "மாடி ரூம்ல யாரும் இல்லம்மா. ஆஸ்பத்திரி வண்டி வந்து கூட்டிட்டுப் போச்சு" என்றார். யாரை என்று கேட்பதற்குள் இணைப்பு அறுந்தது. அதன்பின் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. ஆபரேட்டர் அம்மா வீட்டுக்குப் போகாமல் முயன்றுகொண்டிருக்கிறார்.

உடல்நிலையை முதல் வரியில் எழுது. யாருடையது என்பதையும் எழுது.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

உடல்நிலை: டிரைவர் அண்ணன் உயிரோடு இருக்கிறார். ஆபரேட்டர் அம்மா பிடித்துக் கொடுத்த தொலைபேசியில் இந்த ஒரு வரியைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. மருத்துவமனை வராந்தாவில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதியை எழுதுகிறேன்.

நீ கண்டுபிடித்தது சரி. உன் பயிற்சியை நான் ஒரு நாள்தான் செய்தேன். பட்டையை இழுத்தபோது நாற்காலியிலிருந்து சறுக்கித் தரையில் விழுந்தேன். துப்புரவு அம்மா வரும்வரை முகம் குப்புறக் கிடந்தேன். டிரைவர் அண்ணன் கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனார். ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை. அதற்குப் பிறகு இரண்டு பேர் பிடிக்காமல் நான் நாற்காலியை விட்டு இறங்கியதே இல்லை. மறுநாள் அவர், "நீ செய்யலன்னா படிச்சாவது காட்டு, நான் செஞ்சு பாக்கறேன்" என்றார். படித்தேன். அவர் செய்தார். மூச்சு விலாவுக்குப் போயிற்று என்றார்; நான் அதை என் மூச்சாக எழுதினேன். எனக்காகப் புத்தகம் படித்த அக்காவிடம், நான் செய்யவில்லை என்று எழுத முடியவில்லை. உன் பதில்களும் வேண்டியிருந்தன.

மார்ச் இருபத்தேழாம் தேதி மாலை நீ சொன்னபடி அவரைப் படுக்க வைத்து, காலை உருளைமேல் ஏற்றிவிட்டு, துப்புரவு அம்மா போய்விட்டார். பட்டையை நான்தான் இறுக்கினேன். முகம் செங்கல்லாகச் சிவந்தது. "தல வெடிக்குதுடா" என்றார். நான் உன் வரியைப் படித்தேன்: பொறுத்துக்கொள். அவர் பொறுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் பேச்சு குழறியது. "பிரேக்கு... பிரேக்கப் போடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த வண்டியில் இருந்தாரோ.

அப்போதுதான் வார்டன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். உறையை இரண்டு விரலால் பிடித்தபடி, கடிதத்தை உள்ளே எழுதாமல் வெளியே எழுதும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டா என்று கேட்டார். கேலியாகத்தான் படிக்கத் தொடங்கினார். இரண்டாம் வரியில் அவர் குரல் மாறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லக் கீழே ஓடினார்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். நிமிர்த்தி உட்கார வை என்று உறை சொல்கிறது. இரண்டு பேரை எங்கே தேடுவது? கையை ஊன்றி அவர் கட்டிலுக்குத் தாவினேன். விழவில்லை. பட்டையைக் கிழித்தெடுத்தேன். அதன் அடியில் சிறுநீர்க் குழாய் மடிந்து நசுங்கிக் கிடந்தது. காலை உருளையிலிருந்து தள்ளிக் கீழே விட்டேன். அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி, அவர் சாயாதபடி என் முதுகை அவர் முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். ஆட்கள் வரும்வரை அப்படியே இருந்தோம். அவர் மூச்சு என் முதுகில் தெரிந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன்.

இப்போது பேசுகிறார். இடது கண்ணில் ஓரம் தெரியவில்லை. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் மருத்துவர்.

சட்டையை இரவல் கொடுத்தது நான். என்னைத் திட்டி எழுது; எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய டிரைவர் அவர்களுக்கு,

தங்கள் உடல்நிலையை விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை என்று அறிந்தே விசாரிக்கிறேன்.

இக்கடிதத்தைப் பல முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் அழகான வாக்கியங்கள் வந்தன. அழகான வாக்கியங்களால்தான் தங்கள் உயிர் போக இருந்தது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன். படுக்கச் சொன்னது தவறு. தளர்த்தாதே என்றது தவறு. என் தம்பி தங்களுக்குப் படித்துக் காட்டியது அவன் தவறு. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியது என் தவறு. அதே வரியை அவனே செய்திருந்தாலும் தவறுதான். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க.

தம்பியின் கடிதம் வந்த நாளிலிருந்து தையலறையைத் திறக்கவில்லை. ஒவ்வொருவர் வயிற்றிலும் கட்டிய பட்டை கண்முன் வருகிறது. எவர் நெற்றி வியர்த்தாலும் அஞ்சுவேன். அச்சத்தோடு மற்றவர் உடலைத் தொடுவது எப்படி? ஆபரேட்டர் அம்மா மாலைதோறும் கைத்தடியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறார். நேற்றுக் கதவுக்கு வெளியிலிருந்தே சொன்னார்: "நீங்க பயப்படறது நல்லதுதான். பயப்படாம இருந்தப்பதான் எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு. கதவத் திறங்க." நான் திறக்கவில்லை.

தம்பிக்கென்று தனி உறையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் எதுவும் எழுதவில்லை. அவன் உடலைப் பற்றி ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. முதல் வரியை அவன்தான் எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். அவசரமில்லை என்றும் சொல்லுங்கள்.

தங்கள் கண் தேற வேண்டும் என்ற நினைவோடு,
அவனுடைய அக்கா


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நான் டிரைவர். எழுத்து கோணலா இருக்கும், ரோடு அப்படி. பேனாவ உங்க கைதட்டுப் பட்டையாலதான் உள்ளங்கையில கட்டி எழுதறேன். பயந்துடாதீங்க. கையில எனக்கு இன்னும் கொஞ்சம் உணர்வு இருக்கு, இறுக்கினா தெரியும். அதுவும் தம்பி பக்கத்துலயே உக்காந்து, "வேர்க்குதா, வேர்க்குதா"ன்னு கேட்டு உயிர வாங்கறான்.

கண்ணு, இடது பக்கக் கண்ணாடி உடைஞ்ச வண்டி மாதிரி இருக்கு. தலையத் திருப்பித்தான் பாக்கணும். பழகிக்கலாம்.

எனக்கும் பயமாத்தான் இருக்கு அக்கா. இப்ப தும்மினாக்கூட யாரையாவது கூப்பிடறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். நான் கவுந்ததுக்கு அப்புறம் இந்த உடம்ப எல்லாரும் புரட்டினாங்க, துடைச்சாங்க, தூக்கினாங்க. அத வச்சு ஏதாவது செய்யின்னு சொன்னது உங்க காயிதம் ஒண்ணுதான். அதுவும் எனக்கு எழுதினது இல்ல. அந்தத் தூக்கமும் மூச்சும் நிஜமா வந்துச்சு. அத விட மனசு வரல.

அதனால, எனக்குன்னு அளவெடுத்துத் தைங்க. எழுத்துல வேணாம், நேர்ல வாங்க. அந்த டாக்டரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்க "சரி"ன்னு சொல்றவரைக்கும் நான் ஒண்ணும் கட்டிக்க மாட்டேன். கதவத் திறந்துட்டு வாங்க. பூட்டிட்டு வந்தா இங்க இறக்க மாட்டேன்.

டிரைவர்


மே 9

அக்கா,

உடல்நிலை: பயமாக இருக்கிறது.

நீ அனுப்பிய வெற்றுத் தாளில்தான் இதை எழுதுகிறேன். நெடுநாள் அதைப் பட்டறை மேசையில் கடிகாரங்களுக்கு அடியில் வைத்திருந்தேன். தையலறையைத் திறந்துவிட்டாய் என்றும், பிசியோ டாக்டரோடு வரப்போகிறாய் என்றும் ஆபரேட்டர் அம்மா வார்டனிடம் சொல்லியிருக்கிறார். வார்டன் இப்போதெல்லாம் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் 'நல்லா இருக்காங்க' என்று சொல்கிறார். நீ வருவதற்குள் ஒரு வரியாவது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது.

இன்று காலை செய்தேன். பட்டை இல்லை. உருளை இல்லை. நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். டிரைவர் அண்ணன் எதிரே தலையை இடப்பக்கம் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்கால்மேல் வைத்து மூச்சை இழுத்தேன். விலாவின் அடிவரை போகவில்லை. பாதியிலேயே தரை ஞாபகம் வந்தது. நிறுத்தினேன். மறுபடி இழுத்தேன்.

அப்போது ஒன்று தெரிந்தது. முழங்கால்கள் சில்லிட்டுக் கிடந்தன. அவற்றுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை காலம் அவை குளிர்ந்துதான் கிடந்திருக்கின்றன. உள்ளங்கைதான் சொல்லிற்று.

போர்வையை எடுத்து மூடினேன். கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

தம்பி